துரைக்குத் தைத்த கம்பளி

டிசம்பர் 9, செவ்வாய்

முதல் உறைபனி விழுந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் புல்வெளி முழுக்கக் கோலமாவைக் கொட்டியது போல் கிடக்கிறது. தொட்டித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. உலக்கையால் தட்டி உடைத்தேன். துரையின் முதுகில் பனி, பெல்லம்மாவின் முதுகில் பனி. இரண்டும் அதைச் சட்டையே செய்யாமல் நின்றன. நடுங்கியது நான்தான்.

முதலாளி இந்த இரண்டு குதிரைகளுக்கும் வைத்த பெயர் டியூக், பெல்லா. என் வாயில் அதெல்லாம் நிற்காது. ரிசார்ட் நடந்தபோது விருந்தாளிகளுக்குச் சாரட்டு வண்டி இழுக்க வாங்கியவை. சீமை ஜாதி. ஒவ்வொன்றும் ஊட்டிக் குதிரை இரண்டைச் சேர்த்துக் கட்டிய அளவு இருக்கும். குளம்பை மூடிக்கொண்டு மயிர் தொங்கும், அந்தக் காலத்துப் பெல்பாட்டம் பேண்ட் போல. ரிசார்ட்டை மூடிவிட்டு முதலாளி கோயம்புத்தூர் போய்விட்டார். வண்டிக்குப் பூட்டிய ஷெட். குதிரைகளுக்குத் திறந்த வெளி, அதோடு கூரை பறந்துபோன ஒரு கொட்டகை. காவலுக்கு நானும் வீட்டுக்காரரும்.

இவர் இன்றும் ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார். சட்னி உறைக்கிறதாம். இருபது வருஷமாக அதே சட்னிதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

கோபம் இன்னும் ஆறவில்லை. மத்தியானம் ரோட்டில் ஒரு கார் நின்றது. சால்வை போர்த்திய ஒரு பெண் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு போனை நீட்டிப் படம் பிடித்தாள்.

“இந்தக் குளிர்ல இதுங்கள வெளிய நிக்க வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?”

எனக்கு வந்ததே பார்! “ஏனுங் அம்மிணி, அதுகளுக்குச் சாமி தோலோட சேத்தே ஸ்வெட்டரக் குடுத்தனுப்பிருக்குது. உங்குளுக்குத்தான் குடுக்கல. நீங்க கார்ல ஏறிக் கண்ணாடிய ஏத்துங்க” என்றேன். அதையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இவர் உள்ளேயிருந்து, “உன்ற வாய் இருக்குதே” என்றார். பிறகு இருமல் வந்து பேச்சு நின்றுவிட்டது.

டிசம்பர் 16, செவ்வாய்

என் வாய் உலகமெல்லாம் சுற்றிவிட்டதாம். புகார் போய், கால்நடை டாக்டர் ஷகிலா பானு நேரில் வந்துவிட்டார். சின்ன வயது, ரப்பர் பூட்ஸ், அளவான பேச்சு.

பெல்லம்மாவின் விலாவில் இரண்டு கையையும் வைத்து அமுக்கிப் பார்த்தார். “நல்லா இருக்கா. இந்த ஜாதிக்குக் குளிர் பெரிய விஷயமே இல்லைக்கா. காத்தும் மழையும் ஒண்ணா அடிச்சாத்தான் கஷ்டம். கூரையப் போடச் சொல்லுங்க. காய்ஞ்ச புல்லு எப்பவும் முன்னால கிடக்கணும், அதுதான் அதுங்களுக்கு அடுப்பு. தண்ணியில ஐஸ் இருக்கக் கூடாது.”

“போர்வை கீர்வை ஏதாச்சும்?”

“வேண்டாம். போட்டீங்கன்னா தெனமும் கழட்டிப் பாக்கணும். போடலைன்னாலும் வாரம் ஒரு தடவை மயிருக்குள்ள கைய விட்டு விலாவைத் தடவிப் பாருங்க. குளிர்கால மயிர் பொய் சொல்லும்.”

துரை கிட்டேயே வரவில்லை. மேட்டுக்கு ஏறி அங்கேயே நின்றுகொண்டான். அதற்குள் எங்கேயோ ஒரு மாட்டுக்குக் கன்று சிக்கிக்கொண்டது என்று போன் வந்தது. பொங்கல் கழித்து வந்து அவனைப் பார்க்கிறேன் என்று டாக்டரம்மா ஜீப்பில் ஏறிவிட்டார்.

தடவிப் பார்க்க வேண்டுமாம்! மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கென்ன கண்ணா இல்லை? துரை பந்து மாதிரி இருக்கிறான்.

டிசம்பர் 17, புதன்

முதலாளி போன். நல்ல நாளிலேயே நயமாகப் பேச மாட்டார்.

“இன்னொரு புகார் வந்துதுன்னா வெச்சிருக்க மாட்டேன் கோகிலவாணி. வேலூர்ல ஒரு கல்யாண ஊர்வலக்காரன் ரெண்டையும் கேட்டுட்டே இருக்கான். குடுத்துட்டு நிம்மதியா இருந்துக்குவேன்.”

வேலூர் வெயிலில் இவ்வளவு மயிரை வைத்துக்கொண்டு, பேண்டு சத்தத்திலும் பட்டாசிலும் தார் ரோட்டில் நிற்க வேண்டும். ஒரு கோடைகூடத் தாங்காது. “இனிமே ஒருத்தரும் வாய் தொறக்காத மாதிரி பாத்துக்கறனுங்” என்றேன்.

“அதுக மேல எதையாச்சும் போத்தி விடு. பாக்கறவன் கண்ணுக்குத் தெரியணும்” என்று வைத்துவிட்டார்.

டிசம்பர் 18, வியாழன்

ரிசார்ட் கம்பளிகளை வெளியே எடுத்தேன். கம்பளி, உள்ளே கோணி, மேலே பிளாஸ்டிக் தாள். வார் இல்லை, பக்கிள் இல்லை. கயிறு கட்டினால் நழுவுகிறது. கோணி ஊசியை எடுத்தேன். மார்புக்கு முன்னாலும் வயிற்றுக்கு அடியிலும் சணலால் இழுத்து, துரையின் மேல் வைத்தே தைத்துவிட்டேன். தலையணை உறை மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. இனிப் பிரித்தால்தான் கழலும்.

பெல்லம்மா சாயங்காலத்துக்குள் வேலியில் தேய்த்துத் தேய்த்துத் தன்னுடையதைக் கந்தலாக்கிவிட்டாள். துரை தங்கம். தைத்து முடிக்கும்வரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றான். முன்பெல்லாம் ஈ உட்கார்ந்தாலே எட்டி உதைப்பான். வயசாக ஆகச் சாதுவாகிவிட்டான்.

டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது. டாக்டரம்மாவா வேலூருக்குப் போகப் போகிறார்?

டிசம்பர் 21, ஞாயிறு

வேலிக்கு வெளியே இன்று மூன்று கார். “அச்சோ, எவ்வளவு அக்கறையா போத்தி விட்டிருக்காங்க பாரு!” என்று ஒரு அம்மாள் என் காதில் விழவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். இரண்டு நாளைக்குச் சோறு வேண்டாம் எனக்கு.

துரைக்குப் பெரிய இடத்து நாக்கு வந்துவிட்டது. புல்லை மென்று மென்று உருட்டி, வெற்றிலைச் சக்கை மாதிரி ஈரமாகத் துப்பிவிடுகிறான். அவன் நிற்கிற இடமெல்லாம் பச்சை உருண்டை. கூட்டிப் பெருக்கும்போது திட்டினேன். விறகு நனைந்து கிடப்பதால் இந்த மாதம் கொள்ளு வேகவைப்பதில்லை. வெறும் புல் துரைக்கு இறங்கவில்லை போலிருக்கிறது.

இவரும் அந்த ரகம்தான். சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, பன்னை டீயில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார். “பல்லு கூசுது புள்ள” என்கிறார். பிறகு என்ன நினைத்தாரோ, “கீழ போயிரலாமா? பையன்கூடத் திருப்பூர்ல இருந்துக்கலாம்” என்றார்.

“உங்குளுக்கு வேணும்ன்னா போங்க. நான் இதுகள உட்டுப்போட்டு ஒரு அடி நகர மாட்டேன்” என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொல்லிவிட்டேன். அவர் பன்னை மறுபடி டீயில் முக்கினார்.

டிசம்பர் 27, சனி

கோணி ஊசியைக் காணாமல் அரை நாள் தேடினேன். இவர் பெல்ட்டில் ஓட்டை போட எடுத்துப் போயிருக்கிறார். பெல்ட் இழுத்து நீண்டுவிட்டதாம். சந்தையில் தரையில் பரப்பி விற்கிறவனிடம் வாங்கினால் அப்படித்தான். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தால் என்ன என்று கேட்டேன், சிரித்தார்.

ஜனவரி 3, சனி

கடும் பனி. தொட்டி உடைப்பு, சாணம் அள்ளல், புல் கட்டு இறக்கல். துரையின் சாணம் சின்னச் சின்ன உருண்டையாக, காய்ந்து இருக்கிறது. தண்ணீரில் மூக்கை வைத்துவிட்டு எடுத்துவிடுகிறான். சில்லென்று இருக்கிறது போல. வெந்நீர் கலந்து கொடுத்தால் குடிக்கிறான். வீட்டிலும் வெந்நீர், வெளியிலும் வெந்நீர். எனக்கு அடுப்பை விட்டு எழ நேரமில்லை.

ஜனவரி 9, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. முதலாளி போன் பண்ணவில்லை. அதுவே போதும்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாடு இல்லாத வீட்டுக்குக் குதிரைதான் மாடு. வருஷா வருஷம் செய்வதுதான். பனியில் குளிப்பாட்ட முடியாது. முகத்தையும் காலையும் வெந்நீரில் துடைத்துவிட்டு, பழைய கயிறெல்லாம் எடுத்துப் புதுக் கயிறு மாற்றி, முதுகில் மஞ்சள் தடவி, நெற்றியில் பொட்டு வைத்து, வாழையிலையில் பொங்கல் வைப்போம். இன்றைக்குப் பழைய துணி மேலே இருக்கலாமா? கம்பளியைப் பிரித்துத் துவைத்துப் போடலாம் என்று சணலை அறுத்தேன். இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கம்பளி கீழே விழுந்தது. மயிர் அடர்த்தியாகத்தான் இருந்தது. பார்க்க ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் தடவ முதுகில் கையை வைத்தேன். அமுக்கினேன்.

எலும்பு. முதுகுத் தண்டு முழுக்க முடிச்சு முடிச்சாகக் கைக்கு வந்தது. விலாவில் கையை விட்டேன். ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில் என் விரல் போய் உட்கார்ந்தது. மயிரை நீக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே வேறு ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. பந்து மாதிரி இருக்கிறான் என்று எழுதினேனே, இந்தக் கையாலேயே எழுதினேனே!

பொங்கல் இலையை வைத்ததும் பாய்ந்தான். கொள்ளைக் குழைய வேகவைத்துச் சோற்றோடு பிசைந்திருந்தேன். ஒரு பருக்கை துப்பவில்லை. பெல்லம்மாவின் பங்கையும் முட்டித் தள்ளிவிட்டுத் தின்றான், இலையைத் தின்றான், வெறும் பாத்திரத்தை நக்கி நக்கி உருட்டிக்கொண்டே போனான். நாக்கு நீண்டவன் என்று எத்தனை நாள் ஏசியிருக்கிறேன். அவனுக்குப் பசி. மெல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பச்சை உருண்டைகளையெல்லாம் நான்தானே கூட்டி அள்ளினேன்.

அங்கேயே சாணத்தின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

“டாக்டரம்மாளக் கூப்புடறேன்” என்றேன்.

இவர் கம்பளியை எடுத்து உதறினார். “கூப்புட்டா என்ன ஆகும்? பட்டினி போட்டுட்டாங்கன்னு பேராகும். மொதலாளி அடுத்த நாளே லாரியக் கொண்டாந்து நிறுத்துவாரு. இப்பத்தான் வெசயம் தெரிஞ்சுபோச்சில்ல, வேகவெச்சுக் குடுத்துத் தேத்திக்கலாம். தைச்சுரு புள்ள.”

“சீக்கா இருந்தா?”

“டாக்டர்கிட்ட போனாத்தான் சீக்குன்னு பேரு வரும். போகாதவரைக்கும் அது சும்மா மெலிவு.”

தைத்துவிட்டேன். கடவுளே, மறுபடி தைத்துவிட்டேன்.

ஜனவரி 17, சனி

கொள்ளு, தவிடு, கஞ்சித் தண்ணீர். நான்கு வேளை. தின்கிறான். ஆனால் பசி வேகத்தில் புல்லையும் இழுத்து மெல்லாமல் முழுங்கப் பார்க்கிறான். பக்கத்திலிருந்து புல்லை எடுத்தால் என் முகத்தைப் பார்க்கிறான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மா போன் செய்தார். செவ்வாய்க்கிழமை வரலாமா என்று கேட்டார். “துரை எப்படி இருக்கான்?” என்றார். “நல்லா இருக்கானுங்” என்றேன். நாக்கு கூசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

காலையிலிருந்து சாணம் இல்லை.

ஜனவரி 19, திங்கள்

விடிந்து வெயில் வந்ததும் போனால், துரை படுத்துக் கிடந்தான். தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தான். முன்னங்காலால் மண்ணைப் பறித்தான். எழுந்தான், மறுபடி பொத்தென்று விழுந்தான். அவ்வளவு பெரிய உடம்பு விழுந்தால் தரை அதிர்கிறது. கம்பளி வியர்வையில் நனைந்து கனத்துக் கிடந்தது.

இவர் என் தோளைப் பிடித்து, “கொஞ்ச நேரம் பாக்கலாம், தானா செரியாயிரும்” என்றார்.

“எத்தன நாளா இப்படியே சொல்லிட்டு இருக்கறது?” என்று கத்திவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். “நான் பொய் சொல்லிப்போட்டனுங். அவன் எலும்பா இருக்கறான். வயிறு அடைச்சுக்கிச்சு. வாங்க, உங்க காலப் புடிச்சுக்கறேன்” என்றேன். “எழுப்பி நடக்க விடுங்க, வந்துட்டேன்” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவர் வரும்வரை நான் முன்னால் இழுக்க, இவர் பின்னால் தட்ட, புல்வெளியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். இவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் குதிரையை மட்டும்தான் பார்த்தேன்.

டாக்டரம்மா வந்ததும் கத்தரிக்கோலால் சணலை வெட்டிக் கம்பளியைத் தள்ளினார். விலாவில் கை வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வாளி வாளியாக வெந்நீரும் எண்ணெயும் உள்ளே இறக்கினார். வாளி சுமந்து என் தோள் கழன்றுவிட்டது. வெயில் சாயும் நேரத்தில் துரை வாலைத் தூக்கினான். கல் மாதிரி சாணம் விழுந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு சாணத்தைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

“பொழைச்சுக்குவான்னு இன்னும் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டரம்மா. பிறகு கையைக் கழுவிக்கொண்டே, “புல்லு முன்னால கிடக்குது, குதிரை வாயை அசைக்குது. அதப் பாத்துட்டு தின்னுதுன்னு நெனைச்சுட்டீங்க. எல்லாரும் செய்யறதுதான். உள்ள எவ்வளவு போச்சுன்னு யாரும் பாக்கறதில்ல. இது நேத்து முந்தாநாளு மெலிஞ்சதில்ல அக்கா. ரெண்டு மாசமா உள்ளுக்குள்ளயே கரைஞ்சிருக்கான்” என்றார்.

அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

நானே முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். குதித்தார். லாரி அனுப்புகிறேன் என்றார். துரையைப் பார்க்க வந்திருந்த டாக்டரம்மா போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“சார், இந்த நெலமையில இவனை வண்டியில ஏத்தினா வழியிலயே செத்துடுவான். தெரிஞ்சே ஏத்தினீங்கன்னா அப்புறம் நான் பேசற எடம் வேற. கொட்டகைக்குக் கூரை போட்டுக் குடுங்க. மத்தத இந்தக்கா பாத்துக்குவாங்க.”

தகரம் எத்தனை வேண்டும் என்று முதலாளி கேட்டார். மறைத்து வைத்தால்தான் துரை என்னிடம் இருப்பான் என்று நினைத்தேனே. முதல் நாளே சொல்லியிருந்தால் அவனுக்கு இத்தனை வலி இல்லை.

ஜனவரி 24, சனி

துரைக்கு மயக்க ஊசி போட்டு, வாயை இரும்புச் சட்டத்தால் திறந்து வைத்து டாக்டரம்மா அரத்தால் பல்லை ராவினார். என் கையைப் பிடித்து உள்ளே விட்டுக் காட்டினார். கடைவாய்ப் பல் ஓரம் கத்தி மாதிரி இருந்தது. கன்னத்தின் உட்பக்கமெல்லாம் புண். ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது, அதைப் பிடுங்கிவிட்டார். இவ்வளவையும் வாயில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தால் காதை முன்னால் நீட்டிக் கனைத்துக்கொண்டிருந்தான் அந்தப் பிள்ளை.

“வாயில்லா ஜீவன், சொல்லத் தெரியல” என்றேன்.

“அவன் சொல்லிட்டேதான் இருந்திருக்கான்” என்றார் டாக்டரம்மா, கீழே கிடந்த ஒரு பழைய பச்சை உருண்டையை பூட்ஸால் தள்ளி.

ஜனவரி 25, ஞாயிறு

காலை துரைக்கு ஊறவைத்த தீனி வைத்தேன். கம்பளி கிடையாது. மயிருக்குள் இரண்டு கையையும் விட்டுத் தடவினேன். இனித் தினமும் தடவுவேன். எலும்பு இன்னும் எலும்பாகத்தான் இருக்கிறது. ஆனால் மூக்கால் என் தோளைத் தள்ளினான். பழைய முரட்டுத்தனம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

உள்ளே வந்தேன். இவர் அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா. பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் ஒதுக்கினார். ஒதுக்கியது ஈரமாக, உருண்டையாகக் கிடந்தது.

அப்படியே நின்றேன்.

“ஏனுங். ஸ்வெட்டரக் கழட்டுங்க.”

“குளுருது புள்ள.”

“கழட்டுங்கன்னா கழட்டுங்க.”

ஒன்று கழன்றது. இன்னொன்று கழன்றது. சட்டைப் பொத்தானை நானே அவிழ்த்தேன். துரையைத் தடவிய கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அதே கையை அவர் விலாவில் வைத்தேன்.

இங்கேயும் எலும்புக்கு நடுவில் என் விரல் போய் உட்கார்ந்தது.

“எப்ப இருந்து?”

“ஐப்பசியில இருந்தே முழுங்க முடியல” என்றார். “சொன்னா ஆஸ்பத்திரி, அது இதுன்னு கீழ போகோணும். நீ இதுகள உட்டுப்போட்டு வர மாட்டீன்னு சொன்னீயில்ல. எனக்காவ நீ வந்துட்டா, அதுகள மொதலாளி ஏத்தியுட்டுருவாரு. அப்புறம் நீ என்ற மூஞ்சிலயே முழிக்க மாட்ட.”

“அட பாவி மனுசா” என்றேன். அவர் தலையைக் குல்லாவோடு சேர்த்து என் வயிற்றில் அழுத்திக்கொண்டேன். அவர் அழுதாரா, நான் அழுதேனா தெரியவில்லை.

கொடியில் பெல்ட் தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். கடைக்காரன் போட்ட ஓட்டைகளுக்குப் பின்னால் புது ஓட்டைகள், கோணல் மாணலாக, ஒன்றன் பின் ஒன்றாக. எல்லாம் என் கோணி ஊசி போட்டவை. அந்த ஊசி எங்கே என்று அரை நாள் தேடியவள் நான். எதற்கு எடுத்தீர்கள் என்று நின்று கேட்கவில்லையே.

நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குக் கோயம்புத்தூர். பையனை நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டேன். குதிரைகளுக்குத் தன் ஆளை அனுப்பி வைப்பதாக டாக்டரம்மா சொன்னார். “முழுங்க முடியலைன்னா ஒரு நாள் கூடத் தள்ளாதீங்க அக்கா” என்று மட்டும் சொன்னார். கொள்ளு எவ்வளவு குழைய வேக வேண்டும் என்று அந்த ஆளுக்குப் போனிலேயே மூன்று தடவை சொன்னேன்.

இவருக்கு அரிசிக் கஞ்சி வைத்து, மோர் விட்டுத் தண்ணியாகக் கரைத்துக் கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு மிடறும் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்தேன். “என்ன இப்படி மொறைக்கற?” என்றார். குடித்து முடியும்வரை நான் எழவில்லை.